பழைய கேசட்டுகளுக்காக ஒரு டெக்: குறைந்த செலவில் வி.சி.ஆர். வாங்கி, சரிபார்த்து, படத்தைக் கணினியில் ஏற்றுவது வரை

பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டிலோ பரணிலோ ஒரு கட்டு வீடியோ கேசட் கிடக்கிறது. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். அவற்றில் நடமாடுகிறவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. கேசட் இருக்கிறது, போட்டுப் பார்க்க டெக் இல்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெக் கெட்டால் இன்னொரு டெக் வாங்கலாம். உங்கள் வீட்டுக் கல்யாண கேசட் கெட்டால் அதற்கு மாற்று எங்கேயும் கிடைக்காது. கீழே சொல்லியிருக்கும் படிகளின் வரிசை, சில இடங்களில் தேவைக்கு மேல் தோன்றும் எச்சரிக்கை, எல்லாம் இதற்காகத்தான்.

வி.எச்.எஸ். என்ற வீடியோ கேசட் முறையை ஜப்பானின் ஜேவிசி 1976-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் ஊரில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகுதான் டெக் பரவலாகப் பேசப்பட்டது. வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலம் அது. தொண்ணூறுகளின் கடைசியில் வி.சி.டி. வந்து அதை ஓரங்கட்டியது. வீட்டு வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்தியது. ஆகவே இன்று நீங்கள் வாங்கப்போகும் டெக் எதுவானாலும் பழையதுதான். "பெட்டியே பிரிக்காதது" என்று கூடுதல் விலை சொன்னால் மயங்க வேண்டாம். ஓடாமல் இருந்த டெக்கிலும் ரப்பர் பெல்ட் இறுகும், மின்தேக்கிகள் கசியும்.

முதல் படி: கையில் என்ன கேசட் இருக்கிறது?

டெக் தேடுவதற்கு முன் கேசட்டுகளை எல்லாம் தரையில் பரப்பி, அளவுகோலால் அளந்து வகை பிரியுங்கள். சுமார் 18.7 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் இருந்தால் அது வி.எச்.எஸ். பெரும்பாலான வீடுகளில் இதுதான் இருக்கும். 15.6 செ.மீ. நீளத்தில் கொஞ்சம் சிறியதாக இருந்தால் சோனியின் பீட்டாமேக்ஸ். அதற்கு வேறு டெக் வேண்டும், அது கிடைப்பது அரிது. ஒன்றிரண்டு பீட்டா கேசட்டுகளுக்காக டெக் தேடி அலையாமல், மாற்றித் தரும் ஆளைத் தேடுவதே நல்லது.

உள்ளங்கையில் அடங்கும் அளவில் இரண்டு வகை உண்டு. ஒன்று வி.எச்.எஸ்.-சி. இதைப் பெரிய கேசட் வடிவில் இருக்கும் அடாப்டருக்குள் வைத்துச் சாதாரண டெக்கிலேயே ஓட்டலாம். இன்னொன்று 8 மி.மீ. கேசட். பார்க்க வி.எச்.எஸ்.-சி போலவே இருக்கும், ஆனால் இதற்கு அடாப்டர் என்று ஒன்று கிடையவே கிடையாது. நாடாவின் அகலமே வேறு. படம் பிடித்த அதே வகைக் கேமராதான் இதற்கு டெக்.

அடுத்து எந்த நாட்டில் பதிவானது என்று பாருங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால் (PAL) என்ற வண்ணத் தொலைக்காட்சி முறை. அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்.டி.எஸ்.சி. முறை. டொராண்டோவில் நடந்த சித்தப்பா மகள் கல்யாணக் கேசட்டைப் பால் மட்டும் தெரிந்த டெக்கில் போட்டால் படம் உருளும், பேச்சு இழுத்து இழுத்து வரும். காரணம் எளிது. பால் முறையில் நாடா நொடிக்கு 23.39 மி.மீ. ஓடுகிறது, என்.டி.எஸ்.சி.யில் 33.35 மி.மீ. ஓடுகிறது. பிரான்சிலிருந்து வந்த கேசட் செக்காம் முறையில் பதிவானதாக இருக்கலாம். அதைப் பால் டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும்.

மேலே ஒட்டியிருக்கும் ஈ-180, டி-120 என்ற எழுத்தை வைத்து முறையை முடிவு செய்யாதீர்கள். அது உள்ளே இருக்கும் நாடாவின் நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. டி-120 கேசட்டில் பால் முறையில் பதிந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஐந்தாறு நிமிடம் குறைவாக ஓடும். என்ன முறை என்பதை முடிவு செய்தது பதிவு செய்த டெக் அல்லது கேமரா.

பிரித்து முடித்ததும் ஒவ்வொரு கேசட்டின் பின்விளிம்பிலும் இடது மூலையில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தாவலைத் திருப்புளியால் உடைத்துவிடுங்கள். இது இல்லாவிட்டால் எந்த டெக்கும் அந்தக் கேசட்டின் மேல் பதிவு செய்யாது. தவறிப்போய் ரெக்கார்டு பொத்தானில் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது. கல்யாண கேசட் என்றால் யாராவது ஏற்கனவே உடைத்திருப்பார்கள், அந்த ஓட்டையின் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒட்டியிருந்தால் பிய்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: சொந்தமாக வாங்குவது லாபமா?

கணக்கு இப்படிப் போடுங்கள். டெக்கின் விலை, அதைச் சரிசெய்ய மெக்கானிக் கூலி, கணினியில் ஏற்றும் கேப்சர் கருவி, ஒரு ஹார்ட் டிஸ்க். நான்கையும் கூட்டி, கையில் இருக்கும் கேசட் எண்ணிக்கையால் வகுங்கள். உங்கள் ஊர் ஸ்டுடியோவோ மாற்றித் தரும் கடையோ ஒரு கேசட்டுக்குக் கேட்கும் கூலியோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று கேசட்தான் என்றால் கடைக்குக் கொடுப்பதே மலிவு. இருபது முப்பது சேர்ந்தால், அல்லது சொந்தபந்தம் எல்லாரும் சேர்ந்து ஒரே டெக்கைச் சுற்றில் விட முடிந்தால், சொந்தமாக வாங்குவதுதான் மிச்சம். வேலை முடிந்ததும் ஓடுகிற டெக்கை விற்று ஒரு பகுதியை எடுத்துவிடலாம்.

பணம் தவிர இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவசரமாக வேலை பார்க்கும் கடையில் ஒருவர் உங்கள் கேசட்டுக்காக டிராக்கிங்கைத் திருத்தி (ஹெட் நாடாவின் தடத்தோடு சரியாகப் பொருந்தச் செய்வது), நாடாவைப் படிக்கும் முனையான ஹெட்டைத் துடைத்து, திரும்ப ஓட்டிப் பார்க்கமாட்டார். பாட்டியின் முகம் கோடு கோடாக வந்தாலும் அப்படியே டிஸ்கில் பதிந்து கொடுத்துவிடுவார். நீங்களே செய்தால் அந்த முகத்துக்காக நாலு தடவை முயற்சி செய்வீர்கள். எனக்கு இதுதான் பெரிய காரணம்.

மூன்றாம் படி: எந்த டெக்?

வி.சி.பி. என்பது போட்டுப் பார்க்க மட்டும். வி.சி.ஆர். பதிவும் செய்யும். பழைய கேசட்டைப் பார்ப்பதும் கணினியில் ஏற்றுவதும் மட்டும்தான் நோக்கம் என்றால் வி.சி.பி. போதும். உள்ளே பாகங்கள் குறைவு, விலையும் குறைவு, தவறுதலாக மேலே பதிவாகி அழிந்துவிடும் பயமும் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் சாதாரண வி.சி.பி., ஏழு வசதிகளோடு பாதி பழுதாக நிற்கும் பெரிய வி.சி.ஆரைவிட எவ்வளவோ மேல்.

இரண்டு ஹெட், நான்கு ஹெட் என்று எழுதியிருக்கும். சாதாரண வேகத்தில் பதிவான கேசட்டுக்கு இரண்டே போதும். எல்.பி. என்ற பாதி வேகத்தில் பதிவானது இருந்தாலோ, படத்தை நிறுத்தி ஒரு காட்சியைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றாலோ நான்கு ஹெட் நல்லது.

ஹை-ஃபை என்று முகப்பில் எழுதியிருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு புதையல் ஒளிந்திருக்கிறது. வி.எச்.எஸ். நாடாவில் ஒலி இரண்டு இடத்தில் பதிவாகலாம். ஓரத்தில் ஓடும் சாதாரண மோனோ தடம் ஒன்று. படத்தோடு சேர்த்து, டிரம் என்ற சுழலும் உருளையே பதிக்கும் ஹை-ஃபை தடம் இன்னொன்று. பதிவான கேசட்டின் மேல் பிறகு சினிமாப் பாட்டை டப் செய்தால், அது ஓரத்து மோனோ தடத்தில் மட்டும்தான் ஏறும். ஹை-ஃபை தடத்தைப் படத்தை அழிக்காமல் மாற்ற முடியாது. ஆகவே அசல் கேசட் ஹை-ஃபை வசதி உள்ள கருவியில் பதிவாகி, அதே கேசட்டில் பாட்டு ஏற்றப்பட்டிருந்தால், பாட்டுக்கு அடியில் அன்றைய பேச்சும் சிரிப்பும் நாதஸ்வரமும் அப்படியே இருக்கும். ஹை-ஃபை டெக்கில் போட்டு ஒலியை 'ஹை-ஃபை', 'நார்மல்' என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். நம் வீட்டுக் கேசட்டுகளில் பெரும்பாலானவை எடிட் செய்து எடுத்த பிரதிகள் என்பதால் எல்லாவற்றிலும் இது கிடைக்காது. ஆனாலும் அசல் கேசட் இருந்தால் கட்டாயம் சோதியுங்கள்.

வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த டெக்குகள் பெரும்பாலும் 'மல்டி சிஸ்டம்'. என்.டி.எஸ்.சி. கேசட்டும் ஓடும், 110 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களின் கேசட்டும் உங்களிடம் இருந்தால் இதையே தேடுங்கள். நேராக ஜப்பானிலோ அமெரிக்காவிலோ விற்ற டெக் என்றால் பின்பக்கத்தில் 100 அல்லது 120 வோல்ட் என்று இருக்கும். அதை நம் ஊர் பிளக்கில் நேராகச் சொருகினால் அந்த நொடியே பவர் சப்ளை போய்விடும்.

எந்த பிராண்ட் என்று எல்லாரும் கேட்பார்கள். பானசோனிக், நேஷனல், ஜேவிசி, சோனி, அகாய், ஷார்ப், ஃபுனாய் எல்லாமே இங்கே புழங்கியவைதான். இந்த வயதில் பிராண்டை விட அது எந்த வீட்டில் எப்படி இருந்தது என்பதே முக்கியம். என் விருப்பம் தொண்ணூறுகளின் நடுவில் வந்தவை. எண்பதுகளின் டெக்குகள் இரும்புச் சட்டத்தோடு கனமாக, உறுதியாக இருக்கும், ஆனால் பெல்ட்டுகள் நிறைய. 2000-க்குப் பிறகு வந்தவற்றில் எல்லாமே பிளாஸ்டிக் பல்சக்கரம், உடைந்தால் கிடைக்காது. டி.வி.டி.யும் வி.சி.ஆரும் சேர்ந்த இரட்டைப் பெட்டியைத் தவிர்த்தால் நல்லது. ஒன்று கெட்டால் இரண்டும் மெக்கானிக்கிடம் போகும்.

நான்காம் படி: எங்கே தேடுவது?

முதலில் உங்கள் ஊரில் பழைய வீடியோ ஷூட்டிங் எடுத்தவரைப் போய்ப் பாருங்கள். எடிட்டிங்குக்காகவே அவர் இரண்டு மூன்று டெக் வைத்திருந்திருப்பார். அதில் ஒன்று மூடி போட்டு அலமாரியில் இருக்கும். அதோடு, உங்கள் வீட்டுக் கல்யாணத்தை எடுத்தவரே அவராக இருந்தால் அசல் கேசட்டும் அவரிடம் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. அடுத்தது சொந்தக்காரர் வீட்டுப் பரண். வாட்ஸப் குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டாலே இலவசமாகக் கிடைப்பது நடக்கிற காரியம்.

சென்னையில் பர்மா பஜார், மூர் மார்க்கெட் பக்கத்துப் பழைய சாமான் கடைகள், ரிச்சி தெரு எல்லாம் சுற்றலாம். ரிச்சி தெருவுக்கு டெக்கை விட பெல்ட், கேபிள், கேப்சர் கருவிக்காகத்தான் போக வேண்டியிருக்கும். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் பார்க்கும்போது, டிவியில் படம் ஓடுவதைக் காட்டும் வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். "வேலை செய்யும், ஆனால் சோதிக்கக் கேசட் இல்லை" என்று சொல்பவரிடம் பழைய சாமான் விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கூரியரில் வாங்குவதையும் முடிந்த வரை தவிருங்கள். கனமான டெக் வழியில் ஒரு முறை கீழே விழுந்தால் நாடா ஓடும் பாதையே கோணிவிடும்.

ஐந்தாம் படி: வாங்கும் இடத்தில் சோதனை

வீட்டுக் கேசட்டை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. பழைய சாமான் கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு சினிமா கேசட்டை வாங்கிச் செல்லுங்கள். போனாலும் வருத்தமில்லாத, ஆனால் நன்றாக ஓடக்கூடிய கேசட். கூடவே ஒரு சின்ன டார்ச், ஏ.வி. கேபிள்.

மின்சாரம் கொடுக்கும் முன், கேசட் நுழையும் கதவைத் தள்ளி டார்ச் அடித்துப் பாருங்கள். துரு, கரப்பான் எச்சம், எறும்புக் கூடு தெரிந்தால் அடுத்த டெக்கைப் பாருங்கள். கருகிய வாசனை அடித்தாலும் அப்படியே.

பிளக்கைப் போட்டதும் முகப்பு எழுத்து தெளிவாக ஒளிர வேண்டும். கேசட்டை உள்ளே தள்ளுங்கள். பாதி தள்ளியதும் டெக் அதைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும். உடனே எஜெக்ட். இதை நாலைந்து தடவை செய்யுங்கள். ஒரு தடவை தயங்கினாலும் லோடிங் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது பழைய கிரீஸ் இறுகிவிட்டது என்று பொருள். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அப்புறம் கேசட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஃபார்வேர்டு, பிறகு முழு ரீவைண்ட். நடுவில் வேகம் குறைந்தாலோ நின்றாலோ ரீல் சுழற்றும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால்தான் டெக் நாடாவைத் 'தின்னும்'. டிரம் பக்கம் இழுத்த நாடாவைச் சுருட்டிக்கொள்ள வேண்டிய ரீல் சுற்றாமல் நின்றால், நாடா உள்ளே குவிந்து கசங்கிவிடும்.

இப்போது பிளே. சில நொடிகளில் படம் வர வேண்டும். திரை முழுக்கப் பனி பொழிவது போல் புள்ளிகள் இருந்தால் ஹெட் அழுக்காகவோ தேய்ந்தோ இருக்கிறது. துடைத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். விற்பவர் மூடியைத் திறக்க ஒப்புக்கொண்டால் அங்கேயே துடைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் ஹெட் தேய்ந்தது என்று எண்ணியே விலை பேசுங்கள். மேலேயோ கீழேயோ ஒரு பட்டையாக இரைச்சல் தெரிந்து டிராக்கிங் பொத்தானை அழுத்தியும் போகாவிட்டால், நாடாவை வழிநடத்தும் கம்பிகள் நகர்ந்திருக்கின்றன. அனுபவமுள்ள மெக்கானிக் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. ஆனால் படத்தின் கீழ் விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய கலங்கல் கோடு தெரிந்தால் கவலைப்படாதீர்கள். அது எல்லா வி.எச்.எஸ்.ஸிலும் இருக்கும், பழைய டிவிகள் அந்தப் பகுதியைச் சட்டகத்துக்குப் பின்னால் மறைத்துவிடும்.

பத்து நிமிடம் ஓடிய பிறகு கேசட்டை வெளியே எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தி மூடியைத் தூக்கி, நாடாவின் விளிம்புகளைப் பாருங்கள். புதிதாக மடிப்போ அலை அலையான நெளிவோ விழுந்திருந்தால், படம் எவ்வளவு அழகாக வந்தாலும் அந்த டெக் வேண்டாம். அது உங்கள் கேசட்டையும் அப்படித்தான் செய்யும். நான் சொல்லும் சோதனைகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ரிமோட் இருந்தால் கேட்டு வாங்குங்கள். சில டெக்குகளில் டிராக்கிங்கும் வண்ண முறையும் ரிமோட்டில் மட்டும்தான் மாற்ற முடியும்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்ததும் சுத்தம்

நல்லதாகவே வாங்கியிருந்தாலும் முதல் வேலை சுத்தம்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைக் கழற்றுங்கள். பவர் சப்ளை இருக்கும் மூலையில் கை வைக்காதீர்கள், பிளக் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கும்.

நடுவில் சற்றுச் சாய்ந்து பளபளவென்று இருக்கும் உருளைதான் டிரம். 62 மி.மீ. விட்டம், பால் முறையில் நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றும். அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் பொருந்தியிருக்கும் ஹெட்டுகள்தான் படத்தைப் படிக்கின்றன. 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்குங்கள், மொபைல் பழுது பார்க்கும் கடைகளுக்குப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். கைக்குப் போடும் சானிடைசர் வேண்டாம், அதில் வழவழப்புப் பொருள் கலந்திருக்கும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள்.

சுத்தமான வெள்ளைத் தாளை நீளவாக்கில் மடித்து ஆல்கஹாலில் நனைத்து, டிரம் மேல் மெதுவாக, அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால் டிரம்மின் மேல்பகுதியைப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழும். புதுத் தாள் மாற்றி, கோடு விழுவது நிற்கும் வரை செய்யுங்கள். தாளை மேலும் கீழுமாக ஒருபோதும் தேய்க்காதீர்கள், ஹெட் முனை ஒடிந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் இங்கே கூடாது, பஞ்சு இழை ஹெட்டில் சிக்கிப் பிய்க்கும்.

பஞ்சுக் குச்சியை மற்ற இடங்களுக்குப் பயன்படுத்தலாம். டிரம்முக்கு வலப்பக்கம் நிலையாக நிற்கும் ஒலி ஹெட், நாடாவை வழிநடத்தும் உலோகக் கம்பிகள், கேப்ஸ்டன் என்ற மெல்லிய சுழலும் தண்டு. அதை ஒட்டி அழுத்தும் கறுப்பு ரப்பர் உருளை பிஞ்ச் ரோலர். அதை ஈரத்துணியில் துளி சோப்பு தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். ரப்பர் கண்ணாடி போல் மின்னினால் இறுகிவிட்டது, மாற்ற வேண்டும். பெல்ட்டுகளை அளந்து ரிச்சி தெருவிலோ இணையத்திலோ அதே அளவில் வாங்கிவிடுங்கள். மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு இதுதான், பலன் மிகப் பெரியது.

எல்லாம் உலர அரை மணி நேரம் விட்டு, அந்தச் சினிமா கேசட்டையே முழுதாக ஒரு தடவை ஓட்டுங்கள். முழுப் படமும் தடங்கல் இல்லாமல் ஓடிய பிறகுதான் வீட்டுக் கேசட்டின் முறை.

ஏழாம் படி: கேசட்டைத் தயார் செய்வது

நம் கடலோர ஊர்களின் முதல் எதிரி பங்கஸ் என்ற பூஞ்சை. கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியாக, சுருட்டிய நாடாவின் மேல் வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பூத்திருந்தால் அந்தக் கேசட்டை டெக்கில் போடவே கூடாது. ஹெட் அடைபடுவது மட்டுமில்லை, அந்தப் பூஞ்சை அடுத்தடுத்து வரும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். தனிப் பையில் போட்டுக் கட்டி, பூஞ்சை நீக்கித் தரும் ஆளிடம் கொடுங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் இது.

நாடா அறுந்திருந்தால் செலோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து டிரம்மில் ஒட்டும். ஒட்டுவதற்கென்றே மெல்லிய ஸ்பிளைசிங் டேப் இருக்கிறது. கேசட்டின் கூடு உடைந்திருந்தால் அடியில் உள்ள 5 திருகாணிகளைக் கழற்றி, இரண்டு ரீலையும் அப்படியே தூக்கி, நல்ல கூட்டுக்குள் மாற்றிவிடலாம். கழற்றும் முன் நாடா போகும் பாதையை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து புழுக்கமான அறைக்குக் கொண்டுவந்த டெக்கையும் கேசட்டையும் உடனே ஓட்டக் கூடாது. டிரம்மில் ஈரம் படர்ந்து நாடா அதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் காத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருஷக்கணக்கில் அசையாத கேசட்டை உடனே பிளே செய்யாமல், முழுதாக ஃபார்வேர்டு, முழுதாக ரீவைண்ட் செய்யுங்கள். ஒட்டிக்கிடந்த சுற்றுகள் பிரிந்து இறுக்கம் சமமாகும்.

எட்டாம் படி: டிவியில் பார்ப்பது

மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. மோனோ டெக்கில் வெள்ளை மட்டும் இருக்கும். புது டிவிகளில் மூன்று ஓட்டைக்குப் பதில் ஒரே சின்ன ஏ.வி. ஓட்டைதான் இருக்கும், அதற்கு மூன்றாகப் பிரியும் கேபிள் வேண்டும். படம் வராமல் உர்ரென்று சத்தம் மட்டும் வந்தால் கேபிளின் உள் இணைப்பு வரிசை வேறு என்று பொருள், பிளக்குகளை இடம் மாற்றிச் சொருகிப் பாருங்கள். ஏ.வி. ஓட்டையே இல்லாத டிவிக்கு எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சின்னப் பெட்டி இருக்கிறது. பார்ப்பதற்கு அது சரி, கணினியில் ஏற்ற அதை நம்பாதீர்கள்.

ஒன்பதாம் படி: கணினியில் ஏற்றுவது

மிக மலிவான யு.எஸ்.பி. கேப்சர் கருவிகள் நிறைய விற்கின்றன. அவற்றில் பல, பழைய நாடாவின் நடுங்கும் சிக்னலைத் தாங்காமல் நடுநடுவே பிரேம்களை விட்டுவிடும். பத்து நிமிடத்தில் பேச்சும் வாயசைவும் பொருந்தாமல் போகும். இங்கே கொஞ்சம் கூடச் செலவு செய்யுங்கள். ஹாப்பாக் யு.எஸ்.பி. லைவ்-2 போன்றவை நம்பகமானவை. கேசட் மிகவும் ஆடினால், டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் பானசோனிக் டி.எம்.ஆர்.-இ.எஸ்.10 போன்ற பழைய டி.வி.டி. ரெக்கார்டரை வைத்து அதன் வழியாகச் சிக்னலைச் செலுத்துவார்கள். வளைந்து நெளியும் படத்தை அது நிமிர்த்திக் கொடுக்கும். டி.வி.டி. டிரைவ் கெட்டுப்போன பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, சிக்னல் கடந்து போனால் போதும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். வெர்ச்சுவல்டப், ஓபிஎஸ் இரண்டும் இலவசம். பால் கேசட்டுக்கு அளவு 720 x 576, நொடிக்கு 25 பிரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். முதல் பதிவை ஹஃப்யுவி போன்ற தரம் குறையாத முறையில் எடுப்பது நல்லது. மணிக்குச் சுமார் 30 முதல் 40 ஜி.பி. பிடிக்கும். பிறகு அதிலிருந்து நொடிக்கு 6 மெகாபிட்டில் எம்.பி.4 ஆக மாற்றினால் மணிக்கு 2.7 ஜி.பி.தான் ஆகும், குடும்பத்தில் எல்லாருக்கும் கொடுக்கலாம். இப்படி மாற்றும்போதுதான் அசைவில் தெரியும் சீப்புப்பல் போன்ற கோடுகளை டீஇன்டர்லேஸ் செய்து நீக்க வேண்டும், முதல் பதிவில் கை வைக்கக் கூடாது. பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாவிட்டால் அதை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்.

படத்தின் வடிவம் 4:3. அகலத் திரையை நிரப்புவதற்காக இழுக்காதீர்கள், எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். வி.எச்.எஸ்.ஸின் தெளிவு சுமார் 240 கோடுகள்தான், அதை 4கே ஆக்குகிறேன் என்று விற்கும் மென்பொருள்கள் முகங்களை மெழுகு பொம்மை ஆக்கிவிடுகின்றன. அத்தையின் முகம் அத்தையின் முகமாகவே இருக்கட்டும்.

மல்டி சிஸ்டம் டெக்கில் என்.டி.எஸ்.சி. கேசட் ஓட்டும்போது டிவியில் வண்ணம் வந்து, கணினியில் கறுப்பு வெள்ளையாக வந்தால், டெக் பால்-60 என்ற கலப்பு முறையில் அனுப்புகிறது. மெனுவிலோ பின்பக்கச் சுவிட்சிலோ அசல் என்.டி.எஸ்.சி. வெளியீட்டுக்கு மாற்ற முடிகிறதா பாருங்கள்.

மூன்று மணி நேரக் கேசட் ஏற மூன்று மணி நேரம்தான் ஆகும், வேகமாக ஓட்டிப் பதிவு செய்ய வழியில்லை. கணினி தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றிவிட்டு, முதல் பத்து நிமிடமாவது பக்கத்தில் இருந்து டிராக்கிங்கைத் திருத்துங்கள். எந்தக் கேசட்டை முதலில் போடுவது என்றால், யாருடைய குரலை இனிக் கேட்க முடியாதோ அவர் பேசும் கேசட்டை. நாடா முதல் ஓட்டத்தில்தான் சிறந்த நிலையில் இருக்கும். கேப்சர் ஓடாமல் சும்மா பார்ப்பதற்காக அதை ஓட்டாதீர்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், நிகழ்ச்சி, ஊர் மூன்றையும் எழுதுங்கள். மூன்று பிரதி வேண்டும், இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தவர் வீட்டில். மூன்றாவது பிரதி இணையச் சேமிப்பில். பெரியவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டும்போது யார் யார் என்று கேட்டு, எத்தனையாவது நிமிடத்தில் வருகிறார்கள் என்பதோடு ஒரு தாளில் எழுதி அந்தக் கோப்புகளோடு சேர்த்து வையுங்கள். இந்த வேலையையும் தள்ளிப்போடாதீர்கள், பெயர் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

வேலை முடிந்த பிறகு

கேசட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். முழுதாக ரீவைண்ட் செய்து, புத்தகம் போல் நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

டெக்கை வைத்துக்கொள்வதென்றால் உள்ளே கேசட் இல்லாமல், துணி போட்டு மூடி, மாதம் ஒரு தடவை அந்தச் சினிமா கேசட்டை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஓடாமல் கிடந்தால் பெல்ட் ஒரே வளைவில் இறுகிவிடும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அதே மாடலில் ஓடாத டெக் மலிவாகக் கிடைத்தால் பாகங்களுக்காக வாங்கிப் போடலாம். விற்பதென்றால் ரிமோட், கேபிள், நீங்கள் மாற்றிய பெல்ட்டின் அளவு எழுதிய சீட்டு எல்லாவற்றையும் சேர்த்தே கொடுங்கள். வாங்குபவர் வந்ததும் டிவியில் ஓட்டிக் காட்டி, அவர் கேசட்டின் நாடா விளிம்பையும் திறந்து காட்டி அனுப்புங்கள்.